நோயாளி வீட்டுக் கணக்கு

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவிலே பேசவேண்டும், பொருளை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்று காரியதரிசி அவர்கள் சொன்னபோது, சமயத்தைப் பற்றிப் பேசுவோமா, மொழியைப் பற்றிப் பேசுவோமா என்று நாங்கள் சில நாள் தடுமாறினோம். அவற்றைப் பேசுவதற்கு எங்களிலும் தகுதி வாய்ந்தவர்கள் இம்மேடையிலேயே இருக்கிறார்கள். எங்களுக்கு உண்மையாகத் தெரிந்த விஷயம் எது என்று எண்ணிப் பார்த்தபொழுது, ஒரு கொப்பிதான் ஞாபகத்துக்கு வந்தது. நீல மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. 2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் தொடக்கம் எங்கள் ஆச்சியாரைப் படுக்கையிலே வைத்துப் பராமரித்த செலவு முழுவதும் அதிலே எழுதப்பட்டிருக்கிறது. முழுவதும் என்றா சொன்னோம்? முழுவதும் அல்ல. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

வீட்டுக் கணக்கைப் பொதுமேடையில் விரிக்கலாமா என்று அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டோம். “கணக்குத்தானே பிள்ளை, களவில்லையே” என்றார். ஆகவே கூச்சமின்றிப் பேசுகிறோம்.

ஆச்சியாருக்கு அப்பொழுது எழுபத்தாறு வயது. விடியற்காலம் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கொண்டன, பேச்சுக் குழறியது. புத்தளம் ஆஸ்பத்திரியிலே பதினொரு நாள் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் கட்டிலுக்கென்றோ மருந்துக்கென்றோ எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலே கட்டணமின்றி வைத்தியம் செய்யும் நாட்டில் பிறந்தோம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பன்னிரண்டாம் நாள், இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கஞ்சியைத் தலையை உயர்த்தி வைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஒரு துண்டிலே எழுதித் தந்தார்கள். பாலாவிச் சந்தியிலே திரும்பிக் கற்பிட்டி வீதியால் வான் வந்துகொண்டிருந்தபோதே எங்கள் கணக்குத் தொடங்கிவிட்டது. முதல் வரி, வான் கூலி, ரூபா 9,000.

வீட்டில் அப்பொழுது யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அப்பா கடற்றொழில் செய்பவர்; சோழகக் காற்றுத் தொடங்கினால் இந்தக் கரையை விட்டுக் கிழக்குக் கரையில் வாடி போட்டிருப்பார். நாங்கள் பல்கலைக்கழக விடுதியில். அம்மா குவைத்திலே ஒரு வீட்டில் வேலை. என்ன வேலை என்று கேட்பீர்களானால், அந்த வீட்டுக்காரரின் வயது முதிர்ந்த தாயாரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி, இரவில் பக்கத்திலே படுக்கும் வேலை. ஆகவே தலவிலையில் ஆச்சியாரோடு இருந்தவள் தங்கை ஒருத்திதான். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது.

முதலில் வந்த செலவு தாதியாருடையது. அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறிக் கற்பிட்டிப் பக்கம் வசிக்கும் ஓர் அம்மையார், கேட்டவுடன் வரச் சம்மதித்தார். ஒரு வருகைக்கு ரூபா 2,000. இது அதிகம் என்று நாங்கள் நினைக்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்துக்கு அது குறைவு. ஆனால், அவரை ஏற்றி வந்து, காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு ஓட்டோக்காரத் தம்பி கேட்டது ரூபா 2,400. அவர் மீதும் குற்றமில்லை. பெற்றோல் விலையும் வீதியின் நீளமும் அப்படி. நாற்பது நிமிஷ வேலைக்கு ரூபா 4,400. அதில் பாதிக்கு மேல் வீதிக்கே போயிற்று. கொழும்பிலே ஒருவர் “வீட்டுக்கு வந்து பார்க்க இவ்வளவு” என்று சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு நமது கரையிலே கணக்குப் போடமுடியாது என்பதை அன்றுதான் கற்றோம். மார்ச் மாதத்தில் அன்னம்மாள் திருவிழா வந்த வாரம் வண்டியே கிடைக்கவில்லை. நாடெங்கிலுமிருந்து அந்தத் தாயாரைக் காணச் சனம் வருகிறது, எங்கள் ஆச்சியாரைக் காணத் தாதியார் வரமுடியவில்லை. அன்னம்மாளும் ஒரு பாட்டியார்தான் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரி அம்மையார் சொல்லுவார். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறோம்.

தாதியார் ஒரு நாள் கைகழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: “இந்த ஒழுங்கையிலே இன்னும் இரண்டு வீட்டில் படுக்கையோடு ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வீடும் ஒரே நாளில் கூப்பிட்டால் வண்டிக் கூலியை மூன்றாய்ப் பிரிக்கலாமே, பிள்ளைகள்.” 2,400ஐ மூன்றால் பிரித்தால் 800. வருகை ஒன்றுக்கு 4,400 கொடுத்த இடத்தில் 2,800 போதும். பல்கலைக்கழகத்திலே பொருளியல் படிக்கும் எங்களுக்குத் தோன்றாத கணக்கு அது. ஏன் தோன்றவில்லை? பக்கத்து வீட்டில் ஒருவர் படுக்கையோடு கிடப்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், ஒவ்வொரு வீடும் தன் நோயாளியைத் தன் படலைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டது. கௌரவம் என்று அதற்குப் பெயர் சொல்கிறோம். அந்தக் கௌரவத்துக்கு வாரம் ரூபா 1,600 கொடுத்தோம்.

இரண்டாவது, அயலிலிருந்து வந்த பெண்மணி. வெங்காயத் தோட்டத்திலே கூலி வேலை செய்பவர். காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு மணித்தியாலம் வந்து, துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார். நாளொன்றுக்கு ரூபா 1,000. மாதம் 30,000. மலிவு என்று நினைத்தோம். ஆனால் காலையிலும் மாலையிலும் எங்களிடம் வருகிறவர் இடையிலே தோட்டத்துக்கு முழு நாள் கூலிக்குப் போகமுடியாது. அரை நாள் கூலிக்குத்தான் கூப்பிடுவார்கள். அவர் இழந்த அரை நாளை யாரும் எழுதவில்லை. எங்கள் கொப்பியிலும் இல்லை, அவரிடம் கொப்பியே இல்லை.

அவருக்கு அன்பு இருந்தது, பலம் இருந்தது, பயிற்சி இல்லை. எங்களுக்கும் இல்லை. ஆஸ்பத்திரித் துண்டிலே “புரட்டவேண்டும்” என்றிருந்ததே தவிர, எப்படிப் புரட்டுவது என்று யாரும் கை பிடித்துக் காட்டவில்லை. மூன்றாம் வாரம் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்று இப்போது நமக்குத் தெரியும். அப்போது தெரியாது. பவுடர் போட்டோம். ஒரு வாரத்தில் அது புண்ணாயிற்று. அதை ஆற்ற இரண்டு மாதமும், தாதியாரின் மேலதிக வருகைகளும், துணியும் மருந்துமாகக் கொப்பியில் நாலு பக்கமும் சென்றன. ஒரு நாள் மாலை யாராவது வந்து அரை மணி நேரம் சொல்லித் தந்திருந்தால் அந்த நாலு பக்கமும் வெறுமையாய் இருந்திருக்கும்.

புண்ணைக் கண்டு பயந்துதான் கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்குப் போன் எடுத்தோம். பெயர் வேண்டாம். பதிவுக் கட்டணம் ரூபா 10,000 முன்கூட்டியே. வீட்டோடு தங்கிப் பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு 3,500. சாப்பாடும் படுக்கையும் நம்முடையது. போயா நாளும் அரசாங்க விடுமுறையும் இரட்டைச் சம்பளம். அவர் லீவில் போனால் பதில் ஆள் வரும் பயணச் செலவும் நம்முடையதே. காயத்துக்கு மருந்து கட்டுவதும் குழாய் மாற்றுவதும் அவர் வேலையில் சேராது. இவையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லப்படவில்லை. ஒன்று கேட்டால் ஒன்று சொன்னார்கள். ஆகவே, இனிக் கேட்கப் போகிறவர்கள் நாட்சம்பளத்தை மாத்திரம் கேட்டுவிட்டு இருக்கவேண்டாம். மேற்சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டு, எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்தவர் மலைநாட்டைச் சேர்ந்த ஓர் அம்மா. எங்கள் ஆச்சியாரிலும் பதினைந்து வயதே இளையவர். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழும்பவேண்டியவர், பகலில் எப்போது உறங்குவார்? இந்தக் கேள்வியை ஏஜென்சியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாம் கொடுத்த 3,500இல் தமது கைக்கு வருவது 2,200 என்று ஒரு நாள் தங்கையிடம் சொன்னாராம். பதினேழு நாள் இருந்தார். சம்பளம் 59,500, பதிவோடு 69,500. மாதம் முழுவதும் வைத்திருப்பதென்றால் 1,05,000 வேண்டும். குவைத்திலிருந்து அம்மா அனுப்பியதோ நூறு தீனார், அன்றைய மாற்றிலே ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும், அம்மா செய்யும் அதே வேலையை அம்மாவின் தாய்க்குச் செய்ய ஓர் ஆளை வைக்கமுடியவில்லை. சபையோரே, இந்த வசனத்தை எழுதிவிட்டு நாங்கள் சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டோம்.

ஆயினும் அந்த மலைநாட்டு அம்மா போகும்போது எங்கள் வீட்டிலே ஒன்றை விட்டுப்போனார். கட்டில் விரிப்பின்மேல் குறுக்கே ஒரு மடித்த சேலையைப் போட்டு, அதன் இரு நுனியையும் பிடித்து ஆளைப் புரட்டும் வித்தையை, முழங்கால்களுக்கு இடையிலே தலையணை வைக்கும் முறையை, குதிக்கால் மெத்தையில் படாமல் உயர்த்திவைப்பதைத் தங்கைக்கும் அயல் பெண்மணிக்கும் காட்டிக் கொடுத்தார். அதற்கு நாங்கள் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. 69,500இலே மிகப் பெறுமதியானது அதுதான்.

அதன் பிறகு ஒரு மாதக் கணக்கு இப்படி நின்றது. அயல் பெண்மணிக்கு 30,000. தாதியாருக்கும் வண்டிக்கும் நான்கு வாரத்துக்கு 17,600. மூன்று வீடு சேர்ந்த பிறகு அது 11,200 ஆயிற்று. பம்பர்ஸ் நாளொன்றுக்கு மூன்று, அது 15,300. கையுறை, பஞ்சு, மருந்துத் துணி வகைக்கு 4,000. வீடு சேர்வதற்கு முன் 66,900. சேர்ந்த பின் 60,500. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டு சித்திரையில் 27,000 ஆகவும், 2026 தையில் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளக்காரர் இருவர் உள்ள வீட்டிலே உலை வையாமல் இருந்தாலும் இந்தக் கணக்கைக் கட்டமுடியாது. எழுபது வயதைத் தாண்டிய வறியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் முதியோர் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்திலே 3,000இலிருந்து 5,000 ஆக்கப்பட்டது. நன்றி சொல்லுவோம். அது பத்து நாள் பம்பர்ஸுக்குக் காணும்.

இவ்வளவும் கொப்பியில் இருப்பவை. இனிக் கொப்பியில் இல்லாததற்கு வருவோம்.

வாரத்துக்கு 168 மணித்தியாலம். அயல் பெண்மணி 28 மணித்தியாலம் வந்தார். தாதியார் நாற்பது நிமிஷம். கழித்துப் பாருங்கள், 139 மணித்தியாலமும் இருபது நிமிஷமும் மிஞ்சுகின்றன. அந்த நேரத்திலே ஆச்சியாருக்குத் தாகம் எடுக்காதா? இரவு இரண்டு மணிக்குப் பயந்து கூப்பிடமாட்டாரா? கூப்பிட்டார். யார் எழும்பினார்கள்? தங்கை. விடுதியிலிருந்து சனிக்கிழமை வந்து, கொப்பியைத் திறந்து, “இந்த வாரம் செலவு குறைந்திருக்கிறதே” என்று சொல்லி, ஞாயிறு மாலை பஸ் ஏறிய நாங்கள் அல்ல. கணக்கு எழுதியவர்கள் நாங்கள். கணக்கிலே வராதவள் அவள்.

அவள் ஒரு நாளும் முறையிடவில்லை. பிரத்தியேக வகுப்புக்குப் போவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. 2024இலே எழுதவேண்டிய பரீட்சையை எழுதவில்லை. அது எங்களுக்குத் தெரிந்த விதத்தைச் சொல்லவேண்டும். பம்பர்ஸ் விலையைச் சரிபார்ப்பதற்காக அவளிடம் பற்றுச்சீட்டுக் கேட்டோம். பரீட்சை அனுமதி அட்டையின் பின்புறத்திலே ஆச்சியாரைப் புரட்டிய நேரங்களைக் குறித்து வைத்திருந்தாள். அதைத்தான் தவறுதலாக எடுத்துத் தந்தாள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இடம் என்றோ வலம் என்றோ ஒரு சொல். நாங்கள் அன்றைக்குப் பஸ் ஏறவில்லை.

ஆணுக்கு இந்த வேலை வராது என்று நமது பக்கத்திலே சொல்லுவார்கள். ஆச்சியாரைக் கழுவ ஒரு பெண் வேண்டும் என்பது சரி. அவருடைய வெட்கத்தை நாம் மதிக்கவேண்டும். ஆனால் இரவில் தண்ணீர் கொடுக்க, விரிப்புத் துவைக்க, சேலை நுனியைப் பிடித்துப் புரட்ட, மருந்துக்குக் கற்பிட்டி போய்வர ஆண் கை உதவாது என்று எந்த ஆகமத்திலும் நாங்கள் கேள்விப்படவில்லை. வலை இழுக்கிற கைக்குச் சேலை நுனி பாரமா? அப்பா அந்த முறை வாடியிலிருந்து வந்ததும் இரவுப் பங்கைத் தாம் எடுத்துக்கொண்டார். அயலார் சிரித்தார்கள். பின்பு சிரிப்பதை விட்டார்கள்.

2025ஆம் ஆண்டு சித்திரையில் அம்மா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அயல் பெண்மணியை நிறுத்தினோம். தாதியார் மாத்திரம் வந்தார். “இனி உங்களுக்குச் செலவில்லை” என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கொப்பியும் அப்படித்தான் சொல்லியது; மாதம் 60,500 என்று நின்றது 30,500 ஆயிற்று. ஆனால் மாதந்தோறும் வந்த நூறு தீனார் நின்றுவிட்டதே! கையிலிருந்து போகிற காசு மாத்திரம் செலவல்ல. கைக்கு வராமற்போகிற காசும் செலவுதான். வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள், ஆகையால் செலவில்லை என்று சொல்லுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உத்தியோகமோ, ஒரு படிப்போ, ஒரு கூலி நாளோ எழுதப்படாமல் கிடக்கிறது. அதை எழுதிப் பார்த்த பின்னும் வீட்டிலே பார்ப்பதே நல்லது என்று நாம் தீர்மானிக்கலாம். நாங்கள் அப்படித்தான் தீர்மானித்தோம். எழுதாமல் தீர்மானிப்பதுதான் கூடாது.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று இளைஞர்கள் கேட்பீர்கள். 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே ஆசியாவின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த வழியிலே வளர்ந்த ஏற்பாட்டினால்தான் இன்றும் குடும்பநல உத்தியோகத்தர் நம் வீட்டுப் படலையைத் தட்டிக் கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பார்க்கிறார். கட்டணமில்லை, வண்டிக் கூலியும் இல்லை. இங்கே இருக்கும் எங்கள் எல்லோரையும் அப்படி ஒருவர் தூக்கித் தராசிலே போட்டுப் பார்த்திருக்கிறார். பிறந்தபோது வீடு தேடி வந்த அந்தக் கை, எழுபத்தாறு வயதில் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பற்றியது; பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்கிறது, கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிலே முறையிட்டுப் பணம் பெறவும் வழி செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் கைவிடாத பிள்ளைக்கு இரவு இரண்டு மணிக்கு யார் துணை என்று அது சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். எனவே இது எங்கள் ஒரு வீட்டுச் சங்கதியல்ல.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று சிறிது தேடிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்திலே எங்களுக்கு நைற்றிங்கேல் அம்மையாரைப் பற்றி நிறையச் சொல்லித் தந்தார்கள். ராத்போன் என்ற லிவர்ப்பூல் வணிகரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தம் மனைவியின் கடைசி நோயிலே வீட்டில் வைத்துப் பார்த்த தாதியை, மனைவி மறைந்த பின் 1859இல், மூன்று மாதச் சோதனையாகச் சம்பளம் கொடுத்து நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார் அவர். வீடு வீடாகத் தாதியர் செல்லும் வழக்கம் இங்கிலாந்திலே அதிலிருந்து வேர்விட்டது. சொந்த வீட்டுத் துக்கத்திலிருந்து பொது ஏற்பாடு ஒன்று பிறக்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கேரளம். 1993இலே கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய நோய்தணிப்பு வேலை, பிறகு மலப்புறம் முதலிய இடங்களிலே ஊர்ச் சங்கங்களின் கைக்கு வந்தது. ஊரார் சிறு தொகை சேர்க்கிறார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் நோயாளி இருக்கும் வீடுகளைக் கண்டறிகிறார்கள். ஒரு வண்டியிலே தாதி புறப்பட்டு, ஒரே நாளில் பல வீடு பார்த்துத் திரும்புகிறார். 2008இலே மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. எங்கள் தாதியார் கைகழுவிக்கொண்டு சொன்ன கணக்கும் இதுவும் ஒன்றுதான் அல்லவா! தமிழ்நாட்டிலே 2021 ஆவணியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுபோவது அதன் ஏற்பாடு.

யப்பானைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் இந்த மண்டபத்திலேயே யப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அங்கே 2000ஆம் ஆண்டு தொடக்கம் நாற்பது வயதானவர் யாவரும் பராமரிப்புக் காப்புறுதிக்குப் பணம் கட்டுகிறார்கள். முதுமையில் வீட்டுக்கு உதவியாளர் வந்தால், சாதாரண வருமானமுள்ளவர் விலையில் பத்திலொரு பங்கு கொடுத்தாற் போதும். அந்த வேலைக்கு ஆள் போதாமையால் 2019இலே நமது நாட்டோடும் உடன்படிக்கை செய்தார்கள். நமது இளைஞர் பராமரிப்பு வேலைக்குச் சான்றிதழ் பெற்று அங்கே போகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். போவதற்கு முன் ஒரு மாலை, கற்றுக்கொண்டதை இந்த மண்டபத்திலே நமக்குக் காட்டிவிட்டுப் போகக் கூடாதா?

பெற்றோரைப் பார்ப்பதற்குக் காசைக் கணக்குப் பார்ப்பதா, இது நமது பண்பாடா என்று பெரியோர் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கக்கூடும். இந்தப் பேச்சை ஆயத்தம் செய்தபோதே ஒருவர் எங்களை அப்படிக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் பணிவோடு சொல்லுகிறோம். ஐயா, கோயில் திருவிழாவுக்கு எண்ணெய் எவ்வளவு, பூ எவ்வளவு, மேளகாரருக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கிறோமே. அதனால் பக்தி குறைந்துவிடுகிறதா? எழுதாவிட்டால் அடுத்த வருஷம் பாரம் ஒருவர் தலையிலேயே விழுந்துவிடும் என்றுதானே எழுதுகிறோம்? முற்காலத்திலே கணக்குத் தேவைப்படவில்லை என்கிறீர்கள். ஒரு வளவுக்குள்ளே நாலு மருமகள்மார் இருந்த காலம் அது. இன்று ஒருத்தி குவைத்திலே, ஒருத்தி நீர்கொழும்பிலே, ஒருத்தி கனடாவிலே.

சென்ற மார்கழியிலே ஆச்சியார் சிவபதம் அடைந்தார். அம்மா பக்கத்தில் இருந்தார். புண் முழுவதும் ஆறியிருந்தது. தங்கை ஒரு வருஷம் பிந்திப் பரீட்சைக்குத் தோற்றியிருக்கிறாள்.

ஆச்சியாருக்காக வாங்கிய காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் இப்போது மன்றத்தின் பின்னறையிலே இருக்கின்றன. மெத்தையின் பம்பு திருத்தப்பட்டிருக்கிறது. வாடகை இல்லை, கழுவித் திருப்பித் தந்தாற் போதும். தாதியார் அம்மையார் இம்மாதம் மூன்றாவது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இங்கே வந்து, ஒருவரைப் படுக்கையிலே புரட்டுவது எப்படி என்று காட்டச் சம்மதித்திருக்கிறார். பெண்கள் மாத்திரம் வரவேண்டியதில்லை. நோயாளியாகப் படுத்துக் காட்ட எங்கள் சிற்றப்பா இணங்கியிருக்கிறார்.

அவர் நமது ஒழுங்கைக்கு வருகை தரும் நாள் இப்போது செவ்வாய்க்கிழமை. மூன்று வீடுகள் இருக்கின்றன. நான்காவது வீடு ஒன்று சேருமானால் வண்டிக் கூலி வீட்டுக்கு ரூபா 600. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயரைக் கொடுக்கலாம். பகிரங்கமாகக் கொடுக்கக் கூச்சமாயிருந்தால், எங்கள் தங்கையிடம் இரகசியமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். கொப்பி இப்போது அவளிடம்தான் இருக்கிறது.